வெள்ளத்துக்குப் பணம் உண்டு, செல்ஃப் அடித்ததற்கு இல்லை

காருக்கு எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் தீ, திருட்டு, விபத்து, கலவரம், புயல், வெள்ளம் எல்லாம் அடங்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய தேர்டு பார்ட்டியும் அதிலேயே இருக்கிறது. ஷோரூமில் இவ்வளவுதான் சொல்வார்கள். அவர்கள் வாய் திறக்காத ஒரு வரிதான் சென்னையில் கார் வைத்திருப்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்: விபத்தின் பின்விளைவாக வரும் இழப்புக்கும் இயந்திரக் கோளாறுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல. ஒரு கிளைமில் இந்த வரியோடு மல்லுக்கட்டிய கடுப்பு இன்னும் தீராமல்தான் எழுதுகிறேன்.

தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டியின் சீட்டு, கார்ப்பெட், ஒயரிங் நனைந்தால் அது வெள்ளச் சேதம். தேய்மானம் கழித்துப் பணம் வரும். எஞ்சினின் கதை வேறு. ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சாவி திருகி ஓட்டப் பார்த்தால், சிலிண்டருக்குள் காற்று அமுங்குவதுபோலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதில் போய் முட்ட, கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் பிளாக்கே உடையும். சர்வேயர் எஞ்சினைப் பிரித்து வளைந்த ராடைப் பார்த்ததும், இது வெள்ளம் செய்ததல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று எழுதிவிடுவார். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023-இல் மிக்ஜாம் புயலும் வந்துபோன ஊரில் இதைச் சொல்லாமல் பாலிசி விற்பதை வியாபாரத் தந்திரம் என்பதா, வேறு பெயர் வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளம் வராவிட்டால் எஞ்சின் கெட்டிருக்காதே என்று கேட்கலாம். ஓடிக்கொண்டிருந்த வண்டி தண்ணீர் இழுத்து நின்றுபோனால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது; அப்போது நிறுவனம் மறுத்தால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் மழை விட்ட மறுநாள் காலை செல்ஃப் அடித்துப் பார்த்தவருக்கு அந்த வாதம் உதவாது.

"எனக்குத்தான் பம்பர் டூ பம்பர் இருக்கிறதே" என்பார்கள். பம்பர் டூ பம்பர், அதாவது ஜீரோ டெப் என்பது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது, அவ்வளவே. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயருக்கு முதல் நாளிலிருந்தே பாதி போய்விடும்; உலோகப் பாகங்களுக்கு ஆறு மாதம்வரை கழிவில்லை, ஐந்து வருடம் தாண்டினால் 40 சதவீதம், பத்து தாண்டினால் 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவே இல்லை. ஆக, பம்பர் நொறுங்கினால் ஜீரோ டெப் காப்பாற்றும். தண்ணீர் புகுந்த எஞ்சினுக்கு எஞ்சின் புரொடெக்ட் என்ற தனி ஆட்-ஆன் வேண்டும். வருடாவருடம் அதற்குக் கட்டுவது தண்டம் என்பவர்கள் மேட்டுப் பகுதியில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். நான் கட்டுகிறேன், இனியும் கட்டுவேன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியவர்களைக் கேலி செய்தார்கள். இந்தப் பாலிசி வாசகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான் என்பேன்.

வண்டி மூழ்கிவிட்டதா? தண்ணீர் எட்டிய உயரம் தெரியும்படி போட்டோ எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், டோ செய்து ஒர்க்‌ஷாப் அனுப்புங்கள். "ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடலாம் சார்" என்று தெருமுனை மெக்கானிக் கை நீட்டினால் சாவியைக் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுவரப்பட்டது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.