தனிமையும் சபலமும்



தனிமை முன்னே வந்தால் சபலம் பின்னே வரும். இவ்விரண்டையும் பற்றி மார்க்க சரித்திரங்களும் இலக்கியங்களும் என்ன கூறுகின்றன என்பதை இம்முறை சிறிது ஆராய்வோம். ஊரை விட்டு வந்து கடைகளில் பிழைக்கும் நம்மவர்களுக்கு இது ஏட்டுப் படிப்பு மட்டுமன்று.

முதலாவது, நபி யூசுப் (அலை) அவர்களின் சரித்திரம். இது திருக்குர்ஆனின் 12-வது சூராவில், 111 ஆயத்துகளில் வருகிறது. சொந்தச் சகோதரர்களே அவர்களைக் கிணற்றில் போட்டார்கள். பின்னர் அற்ப விலைக்கு விற்கப்பட்டு, மிஸ்ரு நாட்டுப் பிரபு ஒருவரின் வீட்டில் வளர்ந்து வாலிபமானார்கள். அவ்வீட்டு அம்மாள் கதவுகளைத் தாழிட்டு அவர்களை அழைத்தாள். குர்ஆன் அவள் பெயரைக் கூறவில்லை. ஜுலைகா என்பது பின்வந்த கதைகளில் வழங்கும் பெயர். இச்சரித்திரத்தை மௌலானா ஜாமி 15-ம் நூற்றாண்டில் பாரசீகத்திலும், கவிஞர் சாரண பாஸ்கரன் நம் காலத்தை அடுத்துத் தமிழிலும் காவியமாகப் பாடினார்கள்.

இமாம் இப்னுல் கையிம் (மறைவு 1350) இந்தச் சோதனையின் கடுமையை எண்ணிக் காட்டுகிறார். யூசுப் நபி வாலிபர், மணமாகாதவர், அடிமை. அதற்கு மேல் அந்நிய நாட்டார். உற்றார் நடுவே வருகின்ற வெட்கம் அறியாத ஊரில் வருவதில்லை என்கிறார். இதன் பொருள் நமக்கு நன்கு விளங்கும். ஊரில் தெருமுனையில் நிற்பதற்கே மாமன், சாச்சா பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சிய பிள்ளை, கோலாலம்பூர் வந்ததும் "இங்கே நம்மை யாருக்குத் தெரியும்?" என்று நினைக்கிறான். ஷைத்தானுக்கு அந்த நினைப்பே போதும்.

யூசுப் நபி அல்லாஹ்விடம் காவல் தேடி, வாசலை நோக்கி ஓடினார்கள். பின்பு சிறையே மேல் என்று துஆச் செய்தபோதும், இறைவன் காக்காவிட்டால் தாம் சாய்ந்துவிடக்கூடும் என்றே இறைஞ்சினார்கள். ஒரு நபியே தம் பலத்தை நம்பவில்லை என்றால், நாம் எம்மாத்திரம்!

தனித்திருப்பவன் செய்ய வேண்டியதை இது கற்பிக்கிறது. மற்றவர்கள் செய்ய வேண்டியதை இன்னொரு சரித்திரம் கற்பிக்கிறது.

கலீபா உமர் (ரலி) அவர்கள் (ஆட்சி 634–644) மதீனாவில் இரவில் நகர்சோதனை போகையில், ஒரு வீட்டுக்குள் பெண்ணொருத்தி பாடுவதைக் கேட்டார்கள். இரவு நீள்கிறது, துணைவர் அருகில் இல்லை, இறையச்சம் ஒன்றே தன்னைத் தடுத்து நிறுத்துகிறது என்பது அப்பாடலின் கருத்து. அவள் கணவர் படையில் போயிருந்தார். உமர் (ரலி) அவளைக் கண்டிக்கவில்லை. தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்கு மேல் படைவீரர்களை ஊர் திரும்பாமல் நிறுத்தி வைக்கக் கூடாதென்று உத்தரவிட்டார்கள். ஒரு பாட்டு அரசாங்க உத்தரவையே மாற்றியது!

நம் தமிழிலும் இத்துயரம் பழையது. பொருள் தேடப் பிரிவதைச் சங்கப் புலவர்கள் பாலைத் திணையில் பாடினார்கள். கடற்பிரயாணம் பெண்களோடு செல்வதில்லை என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. இளம் வயதில் கப்பலேறி மெடானில் வேலை பார்த்த ப. சிங்காரம் (1920–1997), 'புயலிலே ஒரு தோணி' (1972) நாவலில் மெடான், பினாங்கு நகரங்களில் வாழ்ந்த தமிழ் வாலிபர்களைக் காட்டுகிறார். கடை அடைத்த பிறகு அவர்களை ஊர் நினைவும் மதுவும் மாறி மாறி இழுக்கின்றன.

இன்று கப்பல் இல்லை. விமானத்தில் சில மணி நேரம். கைப்பேசியில் மனைவி முகத்தையும் பார்க்கலாம். ஆனால் நள்ளிரவில் தாழிட்ட அறைக்குள் சபலத்தை அழைத்து வருவதும் அதே கைப்பேசிதான். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானிலும் கடை மாடியில் படுத்திருக்கும் பிள்ளைகளில், மணமாகிச் சில மாதங்களில் புறப்பட்டு வந்தவர்களும் உண்டு. அங்கே ஊரில் அவன் மனைவிக்கும் இரவு நீளமானதே.

"லீவு கொடுத்தால் கடையை யார் பார்ப்பது?" என்று முதலாளிமார் கேட்கலாம். டிக்கெட் செலவும், மாற்றாள் கிடைக்காத கஷ்டமும் கடை நடத்தும் நாம் அறிந்தவையே. ஆனால் உமர் (ரலி) அவர்கள் அவ்வுத்தரவு இட்ட காலம், பாரசீகத்தோடும் ரோமாபுரி அரசோடும் யுத்தம் நடந்த காலம். எல்லையை யார் காப்பது என்று அவர்கள் கேட்கவில்லை.

கூட்டத்தை விட்டு விலகிய ஆட்டையே ஓநாய் தின்னும் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் ஜமாஅத் தொழுகையைப் பற்றிக் கூறிய உவமை. ஆகவே தனித்திருக்கும் பிள்ளையை வக்துக்குப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோம். ஓய்வு நாளில் நம் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம். ஊருக்குப் போய் எத்தனை மாதமாயிற்று என்று இந்த வாரமே அவனிடம் கேட்டு, போகும் தேதியை இப்போதே குறித்துக் கொடுப்போமாக.