நாலு பனிவண்டிக்கு ஒரு ட்ரெய்லர்

ஒன்டாரியோவில் பனி விழுந்ததும் ஸ்னோமொபைல்களை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்புபவரா நீங்கள்? மூடிய ட்ரெய்லர் வாங்குமுன் வண்டிகளை டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஸ்கீக்களோடு சேர்த்து ஒன்றின் அகலம் சுமார் 4 அடி வரும். இரண்டை அருகருகே நிறுத்த எட்டரை அடி அகல ட்ரெய்லர் தேவை. விற்பவர் சொல்வது பெரும்பாலும் வெளி அளவு. உள் அளவைக் கேளுங்கள். சக்கர மேடு வேறு இடத்தைத் தின்னும்.

சாய்கதவு பின்னால் மட்டும் இருந்தால் போதாது, முன்னாலும் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸ் கிடையாது. பின்வழியே ஏற்றி முன்வழியே ஓட்டி இறக்கலாம். உறைபனியில் கால் வழுக்க 250 கிலோவைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்!

நாலு வண்டி என்றால் 1 டன் ஆகிவிடும். ட்ரெய்லரின் சொந்த எடையையும் கூட்டி, உங்கள் பிக்கப்பின் இழுக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால், ஒன்டாரியோவில் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியில் விழ வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டும்.

சாலையில் கொட்டும் உப்பு இரும்புச் சட்டத்தை அரிக்கும். விலை கூடினாலும் அலுமினியமே நல்லது. ஸ்கீயின் அடிக்கம்பி தரைப் பலகையைக் கிழிக்காதிருக்க பிளாஸ்டிக் பட்டைகள், பெட்ரோல் வாடையும் ஈரமும் வெளியேற காற்றுத் துளைகள் உண்டா என்று பாருங்கள்.

பணம் கொடுக்குமுன் உங்கள் வண்டி ஒன்றையாவது கொண்டுபோய் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.