ரப்பர் மரத்தின் பிறந்த வீடு

நாள்தோறும் விடியற்காலையில் நாம் கத்தி வைக்கும் ரப்பர் மரம், இந்த மண்ணில் தோன்றிய மரம் அன்று. நம் முன்னோரைப் போலவே அதுவும் கடல் கடந்து வந்து இங்கே வேரூன்றியது. ‘உங்களுக்குப் பூர்வீகம் எது?’ என்று கேட்டால் நம்மவர் தமிழகத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொல்வர். இம்மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கக் கண்டம். மலேசியா அதன் புகுந்த வீடு. பிறந்த வீடோ அமேசான் ஆற்றின் கரை. அந்தப் பிறந்த வீட்டைப் பற்றி அறிந்துகொள்வது நமக்கு ஏன் தேவை என்பதையும் இக்கட்டுரையின் முடிவில் காண்போம்.

நிலத்தின் இயல்பு

தென் அமெரிக்காவின் பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 78 இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் மலேசியாவைப் போன்ற ஐம்பது நாடுகளை அதனுள் வைத்தாலும் இடம் மிஞ்சும். அங்கே சுதந்திர நாடுகள் பன்னிரண்டு உள்ளன. அவற்றுள் பிரேசில் மட்டும் கண்டத்தின் ஏறத்தாழ பாதியைத் தனதாக்கிக்கொண்டுள்ளது.

கண்டத்தின் மேற்குக் கரை நெடுகிலும் ஆண்டிஸ் மலைத்தொடர் 7,000 கிலோமீட்டர் நீளத்திற்கு மதில்போல் நிற்கின்றது. இதன் மிக உயர்ந்த சிகரமாகிய அக்கொன்காகுவா 6,961 மீட்டர் உயரமுடையது. நம் கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். மலைக்கு மேற்கே சிலி நாட்டில், உலகின் மிக வறண்ட இடங்களுள் ஒன்றான அத்தக்காமாப் பாலைவனம் கிடக்கின்றது. தெற்கே அர்ஜென்டினாவில் ஆடுமாடுகள் மேயும் பாம்பாஸ் புல்வெளிகள் பரந்துள்ளன. இவ்வாறு பனியும் பாலையும் புல்வெளியும் பெருங்காடும் ஒரே கண்டத்தில் அமைந்துள்ளன.

ஆண்டிஸ் மலையில் பிறந்து கிழக்கே ஓடி அட்லாண்டிக் பெருங்கடலில் கலப்பது அமேசான் ஆறு. இதன் நீளம் ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர். உலகிலேயே மிகுதியான நீரைக் கடலுக்குக் கொண்டு சேர்ப்பது இந்த ஆறுதான். இதன் படுகையில், எட்டு நாடுகளிலும் பிரெஞ்சு கயானாவிலுமாகப் பரவியுள்ள மழைக்காடுதான் ரப்பர் மரத்தின் பிறப்பிடம்.

வரைபடத்தில் கோலாலம்பூரைத் தேடிப் பாருங்கள். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 3 பாகையில் அது உள்ளது. அமேசான் காட்டின் நடுவே உள்ள மனாவுஸ் நகரமோ, அதே கோட்டிற்குத் தெற்கே 3 பாகையில் உள்ளது. அங்கும் இங்கும் வெப்பமும் ஈரமும் மழையும் ஒத்த தன்மையின. கடல் கடந்து வந்த மரம் கிள்ளான் பள்ளத்தாக்கில் செழித்ததற்கு இதுவே முதற்காரணம்.

காடும் உயிரினங்களும்

அமேசான் காட்டில் ரப்பர் மரம் நம் தோட்டத்தைப்போல் நிரை நிரையாக நிற்பதில்லை. ஒரு மரத்திற்கும் அடுத்த ரப்பர் மரத்திற்கும் இடையே வேறு வகை மரங்கள் எத்தனையோ நிற்கும். ஓர் ஏக்கர் காட்டைச் சுற்றி வந்தாலும் ஒன்றிரண்டு ரப்பர் மரங்களைக் கண்டால் பெரிது.

ரப்பர் காய் வெடிக்கும் ஓசையை நாம் நன்கு அறிவோம். அமேசானில் வெள்ளக் காலத்தில் ஆற்றுநீர் பத்து மீட்டர் வரை உயர்ந்து காட்டினுள் புகும். அப்போது காய் வெடித்து நீரில் விழும் விதைகளுக்காகத் தம்பாக்கி என்னும் பெரிய மீன் மரத்தடியில் காத்திருக்கும். கடினமான ரப்பர்க் கொட்டையையும் நொறுக்கித் தின்னும் வலிய பற்கள் அதற்கு உண்டு. இங்கே நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாக இருப்பது அங்கே மீனுக்கு உணவாகின்றது.

புள்ளிகள் கொண்ட ஜாகுவார், பெரும்பாம்பாகிய அனகொண்டா, எலி இனத்திலேயே மிகப் பெரிய காப்பிபாரா, பற்களே இல்லாத பெரிய எறும்புண்ணி, இளஞ்சிவப்பு நிற ஆற்று ஓங்கில், பல வண்ண மக்காவ் கிளிகள் ஆகியவை அக்கண்டத்தில் வாழ்கின்றன. ஆண்டிஸ் மலையில் லாமா, அல்பாக்கா என்னும் விலங்குகளை மக்கள் சுமைக்காகவும் கம்பளிக்காகவும் வளர்க்கின்றனர்.

இவற்றுள் ஒன்று மட்டும் நமக்கு உறவு. மலாய் மொழியில் தெனுக் என்றும் சிப்பான் என்றும் வழங்கப்படும் தாப்பிர் நம் காடுகளில் வாழ்கின்றது. உலகில் தாப்பிர் இனங்கள் நான்கு. அவற்றுள் மூன்று தென், மத்திய அமெரிக்காவில் உள்ளன, நான்காவது நம்முடையது. பண்டைக் காலத்தில் தாப்பிர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்தமைக்குப் புதைபடிவச் சான்றுகள் உண்டு. இடையில் வாழ்ந்தவை அழிந்துபோக, உலகின் இரு கோடிகளில் மட்டும் அவை எஞ்சின.

மக்கள்

தென் அமெரிக்காவின் மக்கள் தொகை ஏறத்தாழ 43 கோடி. ஆண்டிஸ் மலையில் இன்கா மக்கள் பெரும் பேரரசை நிறுவியிருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் கண்டத்தைக் கைப்பற்றினர். ஆதலின் பிரேசிலில் போர்த்துக்கீசியமும், மற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் ஸ்பானிய மொழியும் வழங்குகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் கோடிக்கணக்கில் வாழ்கின்றனர். பிரேசிலில் அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது.

கண்டத்தின் வடகரையில் உள்ள கயானாவில் நம் உறவினரும் உள்ளனர். 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 2,39,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. தமிழ் மொழி அங்கே மறைந்துவிட்டது. ஆயினும் மாரியம்மன் வழிபாடு மறையவில்லை.

அக்கண்டத்தின் தொல்குடி மக்கள் உலகிற்குத் தந்த கொடைகள் நம் அடுப்படியிலும் உள்ளன. உருளைக்கிழங்கு, நிலக்கடலை, அன்னாசி, முந்திரி, மரவள்ளி ஆகியவை அவர்கள் முதன்முதல் பயிரிட்டவை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிட்டாதபோது நம் பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் காத்த மரவள்ளிக்கிழங்கு, அமேசான் மக்களின் அன்றாட உணவாகும்.

பால் எடுத்தவர்களின் துயரம்

காட்டு ரப்பர் மரத்தில் பால் எடுப்பவரைப் பிரேசிலில் ‘செரிங்கேரோ’ என்பர். முற்காலத்தில் அவர் இருளிலேயே எழுந்து, நூறு முதல் இருநூறு மரங்களை இணைக்கும் ஒற்றையடிப் பாதையில் பல கிலோமீட்டர் நடப்பார். சேர்ந்த பாலைக் கோலில் ஊற்றிப் புகையில் காட்டி, அடுக்கடுக்காக உறையச் செய்து பெரிய உருண்டையாக்குவார். அரிசி, உப்பு, கத்தி யாவற்றையும் முதலாளியின் கடையில் கடனுக்கு வாங்குவார். கணக்கு முதலாளியின் கையில். கடன் தீர்ந்ததே இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரப்பரின் விலை ஏறியது. அந்தச் செல்வத்தால் மனாவுஸ் நகரில் 1896இல் மாபெரும் இசை நாடக அரங்கம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் காட்டினுள் நடந்தது வேறு. புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் தொல்குடி மக்களைச் சாட்டையால் அடித்தும் பட்டினி போட்டும் ரப்பர் சேர்த்தனர். பல்லாயிரவர் மாண்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரில் சென்று ஆராய்ந்தார். 1912இல் வெளிவந்த அவர் அறிக்கை உலகை அதிரச் செய்தது.

1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும், நேச நாடுகளுக்கு ரப்பர் மிகவும் அரிதாயிற்று. அதனால் பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து 50,000க்கும் மேற்பட்டோர் ‘ரப்பர்ப் படைவீரர்’ என்ற பெயரில் அமேசானுக்கு அனுப்பப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் பலர் திரும்பவில்லை. இங்கே நம்மவர் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த அதே ஆண்டுகளில், அங்கேயும் தொழிலாளர் ஒருவரும் அறியாமல் மடிந்தனர். அவர்களுக்கு ஓய்வூதிய உரிமை 1988ஆம் ஆண்டின் பிரேசில் அரசியல் சட்டத்தில்தான் கிடைத்தது.

மரம் கடல் கடந்த வரலாறு

1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் தப்பாஜோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டி இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் சிலாங்கூரின் காடுகள் தோட்டங்களாயின. ரயில் ஏறிய ரப்பர் போர்ட் சுவெட்டன்ஹாமிற்குச் சென்று கப்பலேறியது. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது அத்துறைமுகமே.

பிறந்த வீட்டில் தோற்ற தோட்டம்

ஹென்றி போர்டு என்னும் அமெரிக்க மோட்டார் முதலாளி 1928இல், விக்கம் விதை எடுத்த அதே தப்பாஜோஸ் கரையில் ‘போர்ட்லாண்டியா’ என்ற பெருந்தோட்டத்தைத் தொடங்கினார். பணமும் இயந்திரமும் குறைவின்றி இருந்தன. ஆயினும் தோட்டம் தோற்றது. 1945இல் அதனை அவர் குடும்பம் பிரேசில் அரசிடம் ஒப்படைத்தது.

தோல்விக்குரிய காரணங்களுள் முதன்மையானது தென் அமெரிக்க இலைக்கருகல் நோய். இது ஒரு பூஞ்சணத்தால் வருவது. இளந்தளிர்களைத் தாக்கி உதிர்க்கும். மீண்டும் தளிர்த்தால் மீண்டும் உதிர்க்கும். இறுதியில் மரம் பட்டுப்போகும். காட்டில் ரப்பர் மரங்கள் தொலைவில் நிற்பதால் நோய் எளிதில் தாவுவதில்லை. நிரையாக நட்டு, கிளையோடு கிளை உரசும்போது தீப்போல் பரவுகின்றது. காட்டின் கலப்பே அம்மரத்திற்குக் காவலாக இருந்தது.

நல்வாய்ப்பாக, அந்நோய் விதைகளோடு ஆசியாவிற்கு வரவில்லை. இன்றும் உலகின் இயற்கை ரப்பரில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் ஆசியாவில் விளைவது இதனால்தான். நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடைச் சட்டம் வெளிநாட்டுச் செடிகொடிகளின் வரவைக் கட்டுப்படுத்துகின்றது. அனுமதியின்றி ஒரு விதையை, ஓர் இலையைச் சட்டைப்பையில் கொண்டுவருவதும் இலட்சக்கணக்கானோரின் சோற்றில் மண்ணைப் போடுவதாகும்.

காட்டைக் காத்த தொழிலாளி

நோயை எதிர்க்கும் புதிய ரகங்களை எங்கே தேடுவது? விடை பிறந்த வீட்டில்தான் உள்ளது. 1981இல் அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று பிரேசிலின் ஆக்ரி, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ மாநிலக் காடுகளில் காட்டு ரப்பர் விதைகளைத் திரட்டியது. ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்து சேர்ந்தது. நம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அது கிடைத்தற்கரிய சேமிப்பாகும்.

அந்த ஆக்ரி மாநிலத்துக் காட்டைக் காத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பால் வெட்டுத் தொழிலாளி. சிக்கோ மென்டிஸ் 1944இல் ஷப்பூரி என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையுடன் பால் எடுக்கச் சென்றார். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை; எழுத்தும் கணக்கும் கற்றால் கடன் கணக்கின் பொய் வெளிப்பட்டுவிடும் என்பதால் முதலாளிகள் அதை விரும்பவில்லை. வளர்ந்த பிறகே அவர் எழுதப் படிக்கக் கற்றார். பின்னர்த் தொழிற்சங்கத் தலைவரானார். மாட்டுப் பண்ணைக்காகக் காடு வெட்டப்பட்டபோது, ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகச் சென்று ஆயுதமின்றி வழிமறித்து நின்றனர். 1988 டிசம்பர் 22ஆம் நாள் அவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நில உரிமையாளர் ஒருவரும் அவர் மகனும் 1990இல் தண்டனை பெற்றனர். அதே ஆண்டில் அவர் பெயரால் ஏறத்தாழ 9,700 சதுர கிலோமீட்டர்க் காடு, அங்கு பால் எடுத்து வாழ்வோரின் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டது. அது நம் சிலாங்கூர் மாநிலத்தைவிடப் பெரியது.

நாம் கொள்ள வேண்டியவை

அமேசான் காடு அழிந்தால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் மரத்திற்கு நாளை வேண்டிய மருந்து அக்காட்டில் நிற்கும் காட்டு மரங்களிடமே உள்ளது. இங்கேயும் 2017 முதல் பெஸ்டலோதியோப்சிஸ் எனப்படும் இலையுதிர் நோய் பரவி வருகின்றது. இலைகளில் பழுப்பு நிற வட்டப் புள்ளிகளைக் கண்டால் மேற்பார்வையாளரிடமோ மலேசிய ரப்பர் வாரியத்திடமோ உடனே தெரிவியுங்கள். மரத்தை அன்றாடம் அருகில் நின்று பார்ப்பவர் பால் வெட்டுபவரே; ஆதலின் நோயை முதலில் காணும் கண்ணும் அவருடையதே.

இரண்டாவது, எழுத்தும் கணக்கும். கடனில் பிறந்து கடனிலேயே மாண்ட செரிங்கேரோக்களின் நிலையை மாற்றுவதற்குத் துணைநின்ற முதற்கருவி படிப்பு. நம் பிள்ளைகள் ஒருநாளும் பள்ளிக்குத் தவறாமல் இருப்பது நம் கையில் உள்ளது.

வினாக்கள்

1. கோலாலம்பூரும் மனாவுஸ் நகரமும் ஒத்த தட்பவெப்பம் உடையனவாக இருப்பது ஏன்?
2. காட்டில் பிழைக்கும் ரப்பர் மரம், போர்ட்லாண்டியாத் தோட்டத்தில் பிழைக்காதது ஏன்?
3. தென் அமெரிக்காவிலிருந்து வந்த உணவுப் பயிர்களுள் உங்கள் வீட்டில் பயன்படுபவை எவை?
4. உங்கள் தோட்டத்தில் முன்பு இருந்து இப்போது காணாமற்போன விலங்குகளையும் பறவைகளையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.