பரணிலிருந்து இறங்கியவை

சௌபாக்கியவதி பேத்திக்கு, தாத்தா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.  

பெங்களூரில் நீங்கள் குடிபுகுந்திருக்கும் வீட்டில் இடம் சொற்பமென்றும், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சாமான்களை எடைக்குப் போட்டுவிடலாமா அல்லது அவற்றில் நாலைந்தைப் பொறுக்கிக் கண்ணாடி அலமாரியில் அழகுக்காக வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாமென்பதே என் அபிப்பிராயம். அடுப்படியில் புழங்க முடிந்ததை மாத்திரம் வாங்கிக்கொள். மற்றவை இங்கேயே இருக்கட்டும். ரசம் கொதித்துப் பழகிய பாத்திரத்தை விளக்கு வெளிச்சத்தில் பொம்மையாக நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

நம் வீட்டில் எவர்சில்வர் நுழைந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. புளி போட்டுத் துலக்க வேண்டாம், வருஷந்தோறும் ஈயம் பூச வேண்டாம் என்ற சௌகரியத்தை உத்தேசித்து என் தாயார் தம் பிறந்தகத்துச் சீராக வந்த பித்தளை அண்டாவையும் இரண்டு தவலைகளையும் எடைக்குப் போட்டுவிட்டு, கையால் அழுத்தினால் நெளியக்கூடிய டப்பாக்களை வாங்கிக்கொண்டார். கழுத்திலே புள்ளி புள்ளியாகத் தம் பெயர் வெட்டியிருந்த அந்த அண்டா தராசில் ஏறியபோது அவர் கொல்லைப்புறம் போய்விட்டார். அவரை நான் குறை கூறமாட்டேன். விடியற்காலையில் கிணற்றடியில் குந்தி அதைத் தேய்த்த கை அவருடையது. திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்தவன் நான்.

அந்தக் கொடுக்கல் வாங்கலில் தப்பியவற்றுள் முதன்மையானது ஈயச்சொம்பு. அதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதில் என் அவமானமும் கலந்திருக்கிறது. உன் பாட்டி தன் தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்த சமயம், ரசம் வைப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறதென்ற மமதையோடு நான் சமையலறைக்குள் புகுந்து, வெறும் சொம்பை ஸ்டவ்வின் மேல் ஏற்றிவிட்டு, புளி கரைப்பதற்காகத் திரும்பினேன். வெள்ளீயம் உருகுவதற்கு 232 டிகிரி உஷ்ணம் போதும். உள்ளே ஜலம் இருக்கும்வரை, அது கொதிக்கும் 100 டிகிரியையொட்டியே பாத்திரத்தின் உஷ்ணமும் நிற்குமாதலால் சொம்புக்கு அபாயமில்லை. ஜலமில்லாத சொம்புக்கோ அடுப்பின் ஜ்வாலையே யமன். இதைப் பையன்களுக்குப் பௌதிக வகுப்பில் வருஷக்கணக்காகப் போதித்துவந்த நான் திரும்பிப் பார்ப்பதற்குள், சொம்பின் அடிப்பாகம் வெள்ளிக் குழம்பாக ஸ்டவ்வின் மேல் வழிந்துவிட்டது.

ஊரிலிருந்து வந்த உன் பாட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை. உறைந்த கட்டிகளைச் சுரண்டி எடுத்து, மிஞ்சிய மேல்பாகத்தோடு சேர்த்து ஒரு பழந்துணியில் முடிந்து வைத்தாள். பாத்திரம் செய்யும் கன்னாரிடம் கொண்டுபோனபோது அவர் ஒரு மெல்லிய துண்டை எடுத்துக் காதருகே வளைத்துக் காட்டினார். அது கறகறவென்று மெதுவாக முனகியது. முனகினால் நல்ல வெள்ளீயம், காரீயமானால் சப்தமின்றி மடங்கும் என்று அவர் சொன்ன பிறகு, பாடப்புத்தகம் அறியாத ஒரு பரீட்சையை நான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் புது ஈயம் சேர்த்து அவர் மறுபடி செய்துகொடுத்த சொம்பைத்தான் உனக்கு அனுப்புகிறேன். ஈயம் என்ற ஒரே பெயரை நாம் இரண்டு உலோகங்களுக்கும் வழங்குவதால், பின்னால் நீ புதிதாக வாங்கும்படி நேர்ந்தால் எச்சரிக்கையாயிரு: வெள்ளீயம் ஆகாரத்துக்கு உகந்தது, காரீயம் விஷம், புளிப்பில் அது கரைந்து உடம்பில் சேரும். புளிஜலத்தை ஊற்றிய பிற்பாடே சொம்பை அடுப்பில் வை; நுரை கூடி மேலெழும்பியதும் இறக்கிவிடு.

உங்கள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருப்பதாக உன் தகப்பனார் சொன்னார். காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடேறாது. ஆகவே சொம்புக்கும் வெண்கலப் பானைக்கும் கல்சட்டிக்கும் காஸ் அடுப்பு ஒன்று அவசியம். இரும்புத் தோசைக்கல் எதிலும் வேலை செய்யும், அடி சமமாயிருந்தால். அதைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எண்ணெய் ஊறி ஊறிப் படிந்த அந்தக் கருமைதான் தோசையை ஒட்டாமல் எடுத்துக் கொடுக்கிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை.

கல்சட்டி பழகிய சட்டி. கஞ்சி ஊற்றிப் பதப்படுத்தும் சிரமத்தை உன் பாட்டியே முடித்துவைத்திருக்கிறாள். அது சூட்டை லேசில் விடாது. வத்தக்குழம்பு நீ நினைக்கும் பதத்துக்குச் சற்று முன்னதாகவே அடுப்பை அணைத்துவிடு. மிச்சத்தை அந்தக் கல்லே பார்த்துக்கொள்ளும். சூடாயிருக்கையில் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே, விரிந்துபோகும்.

பித்தளை அடுக்குகளுக்கு உள்ளே ஈயப் பூச்சுத் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. அப்படித் தெரிகிறவரையில் அவற்றில் மோரோ புளியோ வைக்கலாகாது, களிம்பு ஏறும். முன்பெல்லாம் ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். வேப்பமரத்தடியில் சிறு குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை மூட்டி, காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தொட்டு ஒரு துணியால் ஒரே இழுப்பாக இழுப்பார்; புகை கலைந்ததும் உள்ளே நிலவு காயும். இப்போது அவரைத் தேடிக்கொண்டு நாம் போக வேண்டியிருக்கிறது. கும்பகோணத்தில் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன். பூசி முடித்த பிறகே அடுக்குகளை அனுப்புவேன்.

ஆழாக்கை நீ கேட்கவில்லை, நானாகவே சேர்த்திருக்கிறேன். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல் வந்து, படியும் மரக்காலும் கடைகளிலிருந்து மறைந்த பின்னரும், நம் அரிசிப் பானைக்குள் கிடந்த அந்தச் சிறிய அளவைக்கு யாரும் ராஜினாமா உத்தரவு அனுப்பவில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆளுக்கு ஒரு ஆழாக்கு என்பது உன் பாட்டியின் கணக்கு. உங்கள் பசிக்கு அரை ஆழாக்கே யதேஷ்டம் என்று தோன்றுகிறது.

தையல் மிஷின் உஷா. உன் அத்தைகளின் பாவாடையிலிருந்து உன் தகப்பனாரின் அரைநிஜார்வரை அதில் தைத்ததுதான். அதைத் திறந்து பார்த்தால் ஒன்று விளங்கும்: உள்ளே இருப்பதெல்லாம் திருகாணியால் கழற்றி மாட்டக்கூடியவை. வார் அறுந்தால் வார், பாபின் கெட்டால் பாபின். ஊசியோ இன்றைக்கும் சாதாரணக் கடையில் கிடைக்கிறது. புதிதாக எதை வாங்கினாலும், பழுதானால் பிரித்துப் பார்க்க முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கு. விழிப்பார், விழிக்கட்டும். மாதம் ஒரு முறை மிஷினுக்கு எண்ணெய் விட்டு, வேண்டாத துணியில் நாலு தையல் ஓட்டி, மிகுந்த எண்ணெயை எடுத்துவிடு.

பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழவேண்டுமென்று நான் சொல்வதாக எண்ணாதே. விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடியை நேற்று நானே குப்பையில் சேர்த்தேன். உப்பும் எண்ணெயும் விரிசலுக்குள் இறங்கிய பிறகு அதைச் சுத்தம் செய்ய ஒருவராலும் ஆகாது. மேஜை விசிறி இன்னும் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் அதன் துணி சுற்றிய வயர் இற்றுப்போயிருக்கிறது. புது வயர் மாற்றாமல் அதை பிளக்கில் செருகக் கூடாது. மாற்ற மனமில்லாவிட்டால் சொல், இங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

வேலைக்குப் போகிற உனக்கு இத்தனையையும் தினம் துலக்க நேரம் ஏது என்று கேட்பாய். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது ஈயச்சொம்பில் ரசம் வை. துலக்கும் முறை மாப்பிள்ளையுடையதாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டு.

சாமான்கள் வருகிற வெள்ளிக்கிழமை உன் தகப்பனாரின் காரில் வந்துசேரும். ஆட்டுக்கல்லை மாத்திரம் அனுப்பவில்லை. தூக்குவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
அநேக ஆசீர்வாதங்களுடன்,
தாத்தா