சூரிய மின்வேலிக்கு மானியம்: கவனிக்க வேண்டியவை

நிலக்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடும். மலையடிவார விவசாயிகளின் இந்த வேதனைக்குத் தீர்வாகத் தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை, சூரிய மின்வேலி அமைக்க மானியம் தருகிறது.

வேலை செய்யும் விதம்: பகல் வெயிலில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும். அதிலிருந்து ஏறக்குறைய நொடிக்கொரு முறை மின்துடிப்பு கம்பியில் பாயும். தொட்ட விலங்கு அதிர்ந்து விலகும், உயிருக்கு ஆபத்தில்லை.

விண்ணப்பிக்க: சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களுடன் அத்துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம். மானிய விகிதமும் உச்சவரம்பும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் கணக்கைக் கேட்டுக்கொள்ளவும். பணி ஆணை கைக்கு வருமுன் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கம்பி வரிசை: 5, 7, 10 வரிசைகளில் அமைக்கலாம். பன்றித் தொல்லை என்றால் அடிக்கம்பி தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும்.

அனுமதி: தமிழக அரசின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும். காப்புக்காட்டை ஒட்டிய நிலமென்றால் முதலில் வனத்துறை அனுமதி பெறவும்.

பராமரிப்பு: கம்பியில் புல், கொடி உரசினால் மின்துடிப்பு மண்ணுக்குள் கசிந்துவிடும். வாரம் ஒருமுறை வரப்பைச் சுத்தம் செய்யவும். கோடையில் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றவும்.

எச்சரிக்கை: 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ வேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது குற்றம். மனித உயிரையும் பறிக்கும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.