கதவு திறக்கும் நேரம்

காலத்தைப் பகுத்துப் பயன்கொள்ளுதல் பற்றி நம் மாணவருள் பேசாதார் இலர். தேர்வு அணுகுங்கால் ஒவ்வொருவர் அறைச்சுவரிலும் ஒரு கால அட்டவணை ஒட்டப்பெறுகின்றது. யானும் சென்ற ஆண்டு ஒன்று வரைந்தேன். விடியற்காலை 4 மணிக்குத் தொல்காப்பியத்தில் தொடங்கி இரவு 10 மணிவரை ஒரு நாழிகையும் வெறுமையாய் இராதபடி அதனை நிரப்பினேன். எம் இல்லத்தில் 78 வயதுடைய ஆச்சி ஒருவர் உளர் என்பது அவ்வட்டவணையில் யாண்டும் காணப்படவில்லை.

ஒருநாள் பிற்பகல் கல்லூரியினின்று காலந்தாழ்த்து மீண்ட யான், கதவைப் பலகால் தட்டி, "ஆச்சி, சீக்கிரம் வாருங்கள்" என்று கூவினேன். பகலுறக்கத்திலிருந்த அவர் திடுக்கிட்டு எழுந்து விரைந்தார். கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கு நழுவ, நிலைப்படியருகே விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. யான் மிச்சம் பிடிக்க எண்ணியது ஐந்து நிமிடம். அவர் கை மாவுக்கட்டில் இருந்தது ஆறு வாரம்.

முதியோர் விழுதற்குக் காரணம் முதுமையே என்று கூறி அமைதல் எளிது. அது முழுதும் மெய்யன்று. படுக்கையினின்று திடீரென எழுங்கால் குருதி கால்களில் தங்கி, மூளைக்குச் செல்வது சிறிது குறையும். இளையோர் உடல் இதனை நொடியில் சரிசெய்துகொள்ளும். முதியோர்க்கு, அவருள்ளும் குருதியழுத்தத்திற்கு மருந்துண்பார்க்கு, அவகாசம் வேண்டும். எழுந்து ஒரு நிமிடம் கட்டிலில் அமர்ந்திருந்து பின்னர் நிற்றல் நன்று. வெளிச்சத்தினின்று இருளுக்குச் சென்றாலும் அவர் கண் பழகுதற்குக் காலம் நீளும். இரவில் நீர் கழிக்க விரைதல், தொலைபேசி மணி கேட்டு விரைதல், பால் பொங்கக் கண்டு விரைதல் என விழுதல் பலவற்றின் பின்னே ஒரு விரைவு நிற்கின்றது. அவ்விரைவுகளிற் சில நாம் கொடுத்தவை. வீழ்ச்சியால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் இறக்கின்றனர் என்றும், அவருள் 60 வயது கடந்தவரே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தெரிவித்தது.

திருக்குறளில் 49-ஆம் அதிகாரமாகிய காலமறிதல் அரசனை நோக்கியதாயினும், நம் அட்டவணைக்காரர் அதனை ஒருமுறை நோக்குதல் தகும். அங்குச் சொல்லப்படுவது நாளை நிரப்புதலன்று; வினைக்குரிய பொழுதை அறிதலும் அதுவரை காத்திருத்தலுமாம். காத்திருத்தல் என்னும் சொல் என் அட்டவணையில் இல்லை.

இனி, வேண்டும் நேரந்தான் எவ்வளவு? ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபின் அரைமணி நேரம் போதும். யான் முதலிற் செய்தது சாக்கை அகற்றியது. அடுத்து, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே இரவெல்லாம் எரியும் சிறு விளக்கொன்று வைத்தேன். குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பற்றி எழுவது ஆச்சியின் வழக்கம். அக்கம்பி உடற்பாரத்தைத் தாங்குவதற்கு அமைந்ததன்று. கொத்தனாரை அழைத்துச் சுவரில் ஆழப் பதித்த கைப்பிடி ஒன்று அமைப்பித்தோம். மேற்றட்டிலிருந்த சம்புடங்கள் கைக்கெட்டும் தட்டிற்கு வந்தன. எரிவாயு உருளையின் திறப்பை இரவில் மூடுதல் என் பொறுப்பாயிற்று. உண்ணும் மருந்துகளையெல்லாம் ஒருமுறை மருத்துவரிடம் கொண்டு காட்டினோம். தூக்க மருந்து போன்றவை நடையைத் தள்ளாடச் செய்யக்கூடும். ஆயினும் நாமே எதனையும் நிறுத்துதல் கூடாது. முதியோர்க்கென இந்திய அரசு அமைத்த 14567 என்னும் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன், என் பழைய அட்டவணை இருந்த இடத்தில்.

ஒரு பிழையும் செய்தேன். ஒழுங்கு செய்கின்றேன் என்று ஆச்சியைக் கேளாமல் அவருடைய வெற்றிலைச் செல்லத்தை இடம் மாற்றினேன். அன்றிரவு அவர் அதனை இருளில் தடவித் தேடினார். மறுநாள் யான் பெற்ற வசை நீண்டது, தக்கதே. அவரவர் கை பழகிய இடத்தை அவரவரே அறிவர். விழுவார் என்றஞ்சி நாற்காலியிலேயே இருத்திவிடுவதும் தீது. நடவாத கால் வலிமை குன்றும். வலிமை குன்றிய கால் மீண்டும் விழச் செய்யும். ஆதலின் மாலையில் கால்மணி நேரம் தெருமுனைவரை அவருடன் நடக்கின்றேன். அந்நடையில் அவர் கூறும் பழஞ்சொற்கள் சில என் தமிழ்ப் பாடத்திற்கும் உதவின என்பதை ஆசிரியர் அறியார்.

இப்பொழுது என்னிடம் வாயிற்சாவி ஒன்று உண்டு. ஆயினும் கதவைத் தாமே வந்து திறப்பதே ஆச்சிக்கு விருப்பம். ஆதலால் மெல்ல ஒருமுறை தட்டிவிட்டுத் திண்ணையில் அமர்கின்றேன். கைத்தடியின் ஓசை கேட்பதற்குள் நன்னூலில் இரண்டு நூற்பா படித்துவிடலாம்.