செக்ரோல் புத்தகமும் லினக்ஸ் கணினியும்

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் மரம் வெட்டியிருந்தால், வீட்டில் 'செக்ரோல்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். காலைப் பெரட்டுக்கு வந்தவர் யார் என்று கிராணி குறித்து வைக்கும் பதிவேடு அது. அதில் பெயர் விடுபட்டால் அன்றைய கூலி போச்சு! தரவுத்தளம் செய்வதும் இதே வேலைதான்.

உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு பழைய கணினி சும்மா கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் லினக்ஸ் நிறுவக் காசு வேண்டாம். தரவுத்தளத்துக்கும் வேண்டாம்: எஸ்கியூலைட், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மூன்றுமே இலவசம். அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

எத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள் என்பதுதான் முதல் கேள்வி. எஸ்கியூலைட்டில் எல்லாத் தரவும் ஒரே கோப்பில் அடங்கிவிடும்; உங்கள் கைப்பேசிக்குள்ளும் அது இருக்கிறது. ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒரே மேசையில் புத்தகம் கொடுக்கும் நூலகத்துக்கு இதுவே தாராளம். பலர் பல கணினிகளிலிருந்து எழுதினால் மற்ற இரண்டில் ஒன்று வேண்டும். மரியாடிபி, மைஎஸ்கியூஎல்லிலிருந்து 2009-இல் பிரிந்தது. இரண்டையும் தொடங்கிய மோன்டி விடேனியஸ், தம் மகள்கள் மை, மரியா பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்! போஸ்ட்கிரெஸ், 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. அது ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை ஒன்றைத் திறப்பதால், நினைவகம் குறைந்த கணினியில் இணைப்புகளை அளவோடு வைக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு நான் இதையே சொல்வேன். தவறான தரவை ஏற்க மறுப்பதில் அது கண்டிப்பானது.

இப்போது இடி மின்னலுக்கு வருவோம். ஒருவர் புத்தகம் எடுக்கும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன: இருப்பில் ஒன்று குறைகிறது, அவர் கணக்கில் ஒன்று ஏறுகிறது. நடுவில் மின்சாரம் போனால்? இருப்பும் குறைந்து, யார் கணக்கிலும் ஏறாமல் புத்தகம் காணாமல் போய்விடக் கூடாது. அதனால் போஸ்ட்கிரெஸ், மாற்றங்களை முதலில் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வட்டில் பதித்துவிடும். கணினி மீண்டும் எழும்போது அக்குறிப்பைப் படித்து, இரண்டையும் முடிக்கும். அல்லது இரண்டும் நடக்காததுபோல் விட்டுவிடும். மரியாடிபியிலும் இது உண்டு, ஆனால் அட்டவணை 'இன்னோடிபி' வகையாக இருக்க வேண்டும். பழைய 'மைஐசாம்' வகையில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

மென்பொருள் இலவசம், மின்சாரம் இலவசமல்ல. 60 வாட் எடுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் 30 நாளில் 43.2 யூனிட். 5 வாட் எடுக்கும் சிறு பலகைக் கணினிக்கு 3.6 யூனிட்தான்.

அடுத்தது நகல். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலை பதிவாகலாம். அதற்கென்று உள்ள நகல் கட்டளையையே பயன்படுத்துங்கள். நகலை வேறோர் இடத்தில் வையுங்கள். பிறகு அதை இன்னொரு கணினியில் திறந்து, போன வியாழக்கிழமை கடைசியாகப் புத்தகம் எடுத்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.